மே மாதம், மொட்டைமாடிக்குக் கீழ் ரூம், 5800எக்ஸ் 90 டிகிரி: கூலரை மாற்றவா, வோல்ட்டைக் குறைக்கவா?

மாடிரூம்_மதுரை:
வணக்கம். என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர், எட்டுக் கோர், ஒற்றை ஃபேன் டவர் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) எல்லாக் கோரையும் 4.6 கிகாஹெர்ட்ஸில் பூட்டி, 1.35 வோல்ட் கொடுத்திருக்கிறேன். டிசம்பரில் ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது பகலில் ரூமே 37 டிகிரி. பிளெண்டரில் (3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்) ரெண்டர் போட்டால் இருபது நிமிடத்தில் 90-ஐத் தொடுகிறது. நேற்று இரவு ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கிறது. 140 ஃபிரேமில் 31 தான் முடிந்திருக்கிறது. பத்தாயிரம் வரை செலவு செய்யத் தயார். 360 மி.மீ வாட்டர் கூலர் வாங்கலாமா? கூலருக்கு அடியில் பூசும் பேஸ்ட்டைப் போன மாதம்தான் மாற்றினேன், அதை மட்டும் சொல்லாதீர்கள்.

ரேடியேட்டர்_தாஸ்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ? எட்டுக் கோரையும் கையால் வேகமேற்றி ஓவர்கிளாக் செய்துவிட்டு ஒற்றை ஃபேனை நம்பினால் இப்படித்தான். 360 வாங்குங்கள், மேல்பக்கம் மாட்டுங்கள், மறந்துவிடுங்கள். தண்ணீர் உறிஞ்சுகிற சூட்டை அலுமினியத் தகடு உறிஞ்சுமா? நான் போன வருடம் இதே மாதிரி டவரிலிருந்து மாறினேன், 9 டிகிரி குறைந்தது.

சால்டரிங்_சண்முகம்:
மாடிரூம் தம்பி, பத்தாயிரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சிப் தின்னும் வாட், கிளாக் வேகம் ஏறினால் அதே விகிதத்தில் ஏறும்; வோல்ட் ஏறினால் அதன் வர்க்கத்தில் ஏறும். 1.20-லிருந்து 1.35-க்குப் போனால் வோல்ட் கூடுவது எட்டில் ஒரு பங்கு. வாட் கூடுவது கால் பங்குக்கும் மேலே, அதுவும் கிளாக்கைத் தொடாமலே. இந்தச் சிப்புக்கு ஏஎம்டி வைத்த எல்லை 142 வாட். கிளாக்கைக் கையால் பூட்டிவிட்டால் அந்த எல்லை வேலை செய்யாது, கேட்டதையெல்லாம் இழுக்கும்.

அடுத்தது இடம். எட்டுக் கோரும் சுமார் 80 சதுர மி.மீ உள்ள ஒரே சிலிக்கான் சில்லில் உட்கார்ந்திருக்கின்றன. சுண்டுவிரல் நகம் அளவு. இதே தலைமுறையின் 5900எக்ஸில் 12 கோர், அதே 142 வாட் எல்லை, ஆனால் இரண்டு சில்லாகப் பிரிந்திருப்பதால் இதைவிடக் குளிர்ச்சியாக ஓடும். அதாவது சூடு சில்லிலிருந்து சிப்பின் உலோக மேல்மூடிக்கு ஏறும் இடத்திலேயே நெரிசல். ரேடியேட்டர் எத்தனை பெரிதானாலும் அந்த வாசலின் அகலம் மாறாது.

தண்ணீர் உறிஞ்சும் என்று தாஸ் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் குழாய்களுக்குள் 300 மில்லி இருக்கிறது என்று வையுங்கள், ஒன்றரை டம்ளர். 150 வாட் உள்ளே போனால் எட்டு வினாடிக்கு ஒரு டிகிரி ஏறும். ரெண்டர் இரவு முழுக்க ஓடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் போனபிறகு வேலை பார்ப்பது அதே அலுமினியத் தகடும் ஃபேனும்தான்.

ரேடியேட்டர்_தாஸ்:
அண்ணே, அந்தத் தகடு மூன்று ஃபேன் அகலம். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். பெரிய கூலரால் பயனே இல்லை என்றால் எனக்குக் குறைந்த 9 டிகிரி எங்கே போனது?

சால்டரிங்_சண்முகம்:
குறையும், மறுக்கவில்லை. 0.1 வோல்ட் குறைத்தாலும் அதே அளவு குறையும், காசில்லாமல்.

சிங்கை_வாசி:
என்னிடமும் 5800எக்ஸ்தான். 360 ரேடியேட்டர், 4.7, 1.36 வோல்ட். எவ்வளவு நேரம் ரெண்டர் ஓடினாலும் 76-ஐத் தாண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

செல்வி_எடிட்ஸ்:
ரூமில் ஏசி எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்?

சிங்கை_வாசி:
24. ஏன்?

செல்வி_எடிட்ஸ்:
76-ல் 24 போனால் 52. மாடிரூமுக்கு 90-ல் 37 போனால் 53. மதுரையின் டவர் கூலரும் சிங்கப்பூரின் ரேடியேட்டரும் ஒரு டிகிரி வித்தியாசத்தில்தான் நிற்கின்றன. கூலர் தருவது ரூமுக்கு மேலே இத்தனை டிகிரி என்ற கணக்குதான், ரூமைவிடக் கீழே எந்த ஃபேனும் இறக்காது. உங்கள் கூலர் நன்றாக இருப்பதாக நீங்கள் நினைப்பதில் பாதிக்கு மேல் உங்கள் ஏசிக்குச் சேர வேண்டிய பாராட்டு.

ரேடியேட்டர்_தாஸ்:
கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் 4.7-ல் ஓட்டுகிறார், வோல்ட்டும் கூட. அதிக வாட்டை இழுத்தும் அதே 52 என்றால் ரேடியேட்டர் ஜெயித்ததாகத்தானே அர்த்தம்?

செல்வி_எடிட்ஸ்:
சரி, அது நியாயம். ஜெயித்தது. நூறு மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு.

மாடிரூம்_மதுரை:
எனக்கு ஒரு சந்தேகம். ஓவர்கிளாக் எடுத்துவிட்டு ஆட்டோவில் வைத்தால் சும்மா பிரவுசர் திறக்கும்போதே 1.45 வோல்ட் காட்டுகிறது. அப்படியிருக்க 1.35 எப்படி அதிகம்? அப்புறம் இந்தச் சிப்புக்கு 90 வரை ஏஎம்டியே அனுமதிக்கிறது. 7000 வரிசையில் 95-ல் ஓடுவதுதான் டிசைன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நான் பயப்படுவதே வீணா?

சால்டரிங்_சண்முகம்:
நல்ல கேள்வி, நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஆட்டோவில் அந்த 1.45 போவது ஒன்றிரண்டு கோர் சிறிது நேரம் முழித்துக்கொள்ளும்போது. ஓடும் ஆம்பியர் கொஞ்சம். எட்டுக் கோரும் முழு வேலைக்கு வந்ததும் சிப் தானாகவே வோல்ட்டை இறக்கிவிடும். நீங்கள் முழு ஆம்பியர் ஓடும்போதும் 1.35-ஐ இறங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வோல்ட், ஆம்பியர், சூடு மூன்றும் சேர்ந்துதான் சிப்பை அரிக்கும். 90, 95 எல்லாம் அனுமதி என்பது, கடிவாளம் சிப்பின் கையில் இருக்கும்போது. சூடு எல்லைக்கு வந்தால் அது கிளாக்கையும் வோல்ட்டையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் கடிவாளத்தை வாங்கிவிட்டீர்கள்.

வோல்ட் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்து வீட்டைப் பாருங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையில் ஐ9 சிப்கள் ஓவர்கிளாக் செய்யாமலேயே கெட்டுப்போய், கேம் நடுவில் நின்றன. தேவைக்கு மேல் வோல்ட் போனதுதான் முக்கியக் காரணம் என்று அவர்களே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் விட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள்.

ரேடியேட்டர்_தாஸ்:
அது மைக்ரோகோட் கோளாறு அண்ணே, அங்கே போன வோல்ட் 1.5-க்கும் மேலே. 1.35-க்கு அந்தக் கதையைச் சொல்லிப் பூச்சாண்டி காட்டாதீர்கள்.

செல்வி_எடிட்ஸ்:
நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் ஒன்று கேட்கிறேன். மாடிரூம், ரீஸ்டார்ட் ஆனது சூட்டினால்தான் என்று எப்படித் தெரியும்? விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, அந்த நேரத்தில் என்ன சிவப்பு வரி இருக்கிறது என்று பாருங்கள்.

மாடிரூம்_மதுரை:
பார்த்தேன். இரவு 2.47-க்கு வீயா-லாகர் (விண்டோஸின் ஹார்ட்வேர் பிழைப் பதிவு), எண் 18, கேஷ் ஹைரார்க்கி எரர் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் ரூம் 31 தான் இருந்திருக்கும், சூடும் 84 போலத்தான்.

செல்வி_எடிட்ஸ்:
நினைத்தேன். சூடு தாங்காமல் அணைந்தால் கரண்ட் போன மாதிரி பட்டென்று போய்விடும், வீயா வரி எழுத நேரமிருக்காது. இது கோர் கணக்கில் தப்பு செய்து பிடிபட்டது. 4.6-க்கு உங்கள் சிப்புக்கு 1.35-ம் போதவில்லை என்று அர்த்தம்.

ரேடியேட்டர்_தாஸ்:
ஆக, சண்முகம் அண்ணன் சொன்னபடி வோல்ட்டைக் குறைத்திருந்தால் 31 ஃபிரேம் கூடத் தேறியிருக்காது. வோல்ட்டை ஏற்ற வேண்டும், ஏற்றினால் சூடு, சூட்டுக்கு 360. நான் முதலில் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம்.

சால்டரிங்_சண்முகம்:
ஒப்புக்கொள்கிறேன், 4.6-ஐ அப்படியே வைத்து வோல்ட்டை மட்டும் குறைக்கச் சொன்னால் தப்புதான். நான் 4.6-ஐயே விடச் சொல்கிறேன். தம்பி, பெட்டியிலேயே 4.7 வரை பூஸ்ட் என்று போட்டிருக்கிறதல்லவா? போட்டோஷாப் மாதிரி ஒரு கோரில் ஓடுகிற வேலைக்கு ஆட்டோவில் அதுவரை போகும். நீங்கள் 4.6-ல் ஆணி அடித்து அதையும் கெடுத்துக்கொண்டீர்கள். ஓவர்கிளாக் என்ற பெயரில் பாதி வேலைக்கு அன்டர்கிளாக்.

பயாஸை முதலில் ஆட்டோவுக்குக் கொண்டுபோங்கள். பிபிஓ என்ற பூஸ்ட் செட்டிங் உள்ளே கர்வ் ஆப்டிமைசர் இருக்கும், ஒவ்வொரு கோரின் வோல்ட்டையும் கூட்டிக் குறைக்கும் இடம். எல்லாக் கோருக்கும் மைனஸ் 15. ஒரு புள்ளிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் சாஃப்ட்வேரில் நட்சத்திரம் போட்ட இரண்டு கோருக்கு மட்டும் மைனஸ் 5 போதும். நல்ல கோர்கள் ஏற்கெனவே இழுத்துக் கட்டிய வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பிபிடி, அதாவது சிப் இழுக்கும் வாட்டின் எல்லையை 120 வாட் வையுங்கள்.

செல்வி_எடிட்ஸ்:
நான் இன்னும் கீழே, வாட்டைக் குறைத்து ஓட்டும் எகோ மோடில் 88 வாட்டில் இரண்டு வருடமாக எடிட் செய்கிறேன். கல்யாண வீடியோவுக்கு அது போதும், ரெண்டர் செய்கிறவருக்குப் போதாது. இன்னொன்று: அந்தக் கண்ணாடி முகப்பு. ரெண்டர் ஓடும்போது ஊதுபத்தி ஒன்று கொளுத்தி கேபினெட் முன்னால் பிடித்துப் பாருங்கள், புகை எங்கே போகிறது என்று. சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு.

மாடிரூம்_மதுரை:
பார்த்தேன். சிரிக்காதீர்கள். முன்னால் பிடித்த புகை உள்ளே போகாமல் நேராக மேலே எழும்புகிறது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடுக்கு, அதன் ஓரத்தில் மட்டும் ஒரு நூல் போல இழுக்கிறது. பின்னால் பிடித்தால் பலமாகத் தள்ளுகிறது. ஆனால் கேபினெட் மேல்மூடியின் முன்பக்க ஓட்டை வழியாகப் புகை உள்ளே இறங்குகிறது. கூலர் துப்பிய வெந்த காற்றையே கூலர் திரும்பக் குடித்துக்கொண்டிருக்கிறது. முகப்பைக் கழற்றினேன், இரண்டு நிமிடத்தில் 5 டிகிரி இறங்கியது. அம்மா எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டருக்கு என்ன பூஜை என்றார்.

ரேடியேட்டர்_தாஸ்:
இந்தக் கேபினெட்டில் மேலே 360 மாட்டியிருந்தாலும் இதே வெந்த காற்றைத்தான் தின்றிருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மற்றது எதையும் இல்லை.

மாடிரூம்_மதுரை:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஆட்டோ, மைனஸ் 15, நட்சத்திரக் கோர் இரண்டுக்கும் மைனஸ் 5, பிபிடி 120, முகப்பு இல்லை. முன்பு ஒரு ஃபிரேமுக்கு 6 நிமிடம் 10 வினாடி ஆனது, இப்போது 6 நிமிடம் 22. சூடு, ரூம் 37 இருக்கும்போது 75. இரண்டு இரவில் 140 ஃபிரேமும் முழுசாக முடிந்தது, வீயா வரி இல்லை. யுபிஎஸ் கத்துவதும் நின்றுவிட்டது. அது ஏன் கத்துகிறது என்றே இத்தனை நாள் யோசிக்கவில்லை.

ரேடியேட்டர்_தாஸ்:
12 வினாடி! 140 ஃபிரேமுக்கு 28 நிமிடம் போச்சு ப்ரோ.

சால்டரிங்_சண்முகம்:
முன்னால் 31-ல் நின்ற ராத்திரியில் எத்தனை நிமிடம் போனது என்றும் அதே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

செல்வி_எடிட்ஸ்:
மாடிரூம், முகப்பு இல்லாமல் ஓட்டினால் ஒரு மாதத்தில் கூலர் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்துவிடும். நைலான் கொசுவலை வெட்டி, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தப் பட்டையால் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் குழாயில் காட்டினால் போதும்.

ரேடியேட்டர்_தாஸ்:
கொசுவலை போட்டால் காற்று குறையும், சொல்லிவிட்டேன்.

மாடிரூம்_மதுரை:
குறைகிறது. ஒட்டிவிட்டு ஓட்டினேன், 77. இரண்டு டிகிரியைக் கொசுவலைக்கு எழுதிக்கொள்கிறேன்.