மறு: மறு: மேனேஜருக்குத் தமிழ்ச்சொல் (கிளாப் போனார், சொல் இன்னும் வரவில்லை)

அன்புள்ள நண்பர்களுக்கு,

கால்பந்து அணியின் 'மேனேஜர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடத் தொடங்கிய இழை இது. இரண்டே நாளில் பாதிப் பேர், மேனேஜர் யூர்கன் கிளாப் விலகிய இடத்துக்கு இங்கிலாந்துக் கழகமான லிவர்பூல் யாரை எடுத்திருக்க வேண்டும் என்ற பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை, நானும் அதில் சேர்த்திதான். ஆனால் இரண்டும் ஒரே சண்டை என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

> மேலாளர் என்ற நல்ல சொல் இருக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று?

மதுரை ஐயா, காரணம் கிரிக்கெட். நம் ஊரில் 'அணி மேலாளர்' என்றால் பயணச்சீட்டு, ஓட்டல் அறை, பெட்டிகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்பவர். 2024 ஜனவரியில் 'லிவர்பூல் மேலாளர் விலகுகிறார்' என்று நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது அப்பா கேட்டார்: "ரூம் போடுறவர் போறதுக்கா இவ்வளவு அழுகை?"

சரி, 'பயிற்சியாளர்' என்று வைத்துவிடலாமே என்று கோவை அக்கா கேட்டிருந்தார். பெரும்பாலான செய்திகளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் ஆங்கிலேயக் கால்பந்தில் இவை இரண்டு வேலைகள். ஆர்செனல் கழகம் 2019 டிசம்பரில் மிகெல் ஆர்டெட்டாவை எடுத்தபோது அவர் தலைமைப் பயிற்சியாளர். 2020 செப்டம்பரில் அவரையே மேனேஜர் ஆக்கினார்கள். ஆள் அவரேதான், பதவி உயர்ந்தது. நாம் இரண்டுக்கும் 'பயிற்சியாளர்' என்று போட்டால், 'பயிற்சியாளர் பயிற்சியாளராகப் பதவி உயர்வு' என்று எழுத வேண்டிவரும்.

ஜெர்மனியில் கதை இன்னும் வேடிக்கை. பயர்ன் மியூனிக்கில் உலி ஹோனஸ் 1979 முதல் 2009 வரை 'மேனேஜர்'. ஆள் வாங்குவது, காசு பேசுவது அவர் வேலை. களத்தில் பயிற்றுவது வேறொருவர் வேலை. டார்ட்மண்டில் கிளாப்பும் வெறும் பயிற்றுநர்தான். 2015 அக்டோபரில் லிவர்பூலின் அரங்கமான ஆன்ஃபீல்டுக்கு வந்தபிறகுதான் மேனேஜர் ஆனார். 2019இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது ஆண்டு கழித்து லீக் பட்டம், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஒன்பது பருவத்தில் அவர் பார்த்தது பயிற்சி வேலை மட்டுமா? ஊரோடு சேர்ந்து சிரித்தார், திட்டினார், தோற்றபோது முன்னால் வந்து நின்றார்.

> கிளாப்பும் முழு மேனேஜர் இல்லையே! ஆள் வாங்கியது எட்வர்ட்ஸ்தானே?

வியாசர்பாடித் தம்பி சொல்வது உண்மை. மைக்கேல் எட்வர்ட்ஸ் 2016இல் விளையாட்டு இயக்குநர் ஆனவர், 2022 வரை இருந்தார். பொறுப்பு பகிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் பெயர்ப்பலகையில் மேனேஜர் என்றே இருந்தது. 2024 மே மாதம் ஆர்னே ஸ்லாட்டை அறிவித்தபோது கழகம் அந்தப் பலகையையே கழற்றிவிட்டது. அவருக்குக் கொடுத்தது தலைமைப் பயிற்சியாளர் பதவி, அவ்வளவுதான். எட்வர்ட்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் உரிமையாளர் நிறுவனத்தின் கால்பந்துத் தலைவராகத் திரும்பி வந்து, ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராகக் கொண்டுவந்த பிறகு நடந்த தேர்வு இது.

இப்போது நம் பஞ்சாயத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். லிவர்பூலின் பழைய வீரர் சாபி அலொன்சோதான் வேண்டும் என்றவர்கள் கேட்டது என்ன? 2005 சாம்பியன்ஸ் லீகின் இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் மூன்றாவது கோலை அடித்தவர், சிவப்புச் சட்டையின் வாசனை தெரிந்தவர், ஜெர்மனியின் லெவர்குசனை 2023-24 பருவத்தில் லீகில் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டத்துக்குக் கொண்டுபோனவர். அவர்கள் கேட்டது மேனேஜரை. மார்ச் கடைசியில் அவர் லெவர்குசனிலேயே இருக்கிறேன் என்று சொன்ன நாளில் இந்தக் குழுவில் எழவு விழுந்த அமைதி.

கிளாப்பின் துணைவர் பெப் லைண்டர்ஸ் பேரைச் சொன்ன இருவர் கேட்டது வேறு. அவர்களுக்குப் பழைய பூட்ஸ் அறை வேண்டும். 1974இல் லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லி திடீரென்று விலகியபோது வெளியே ஆள் தேடவில்லை. பூட்ஸ் வைக்கும் சின்ன அறையில் தேநீர் குடித்துக்கொண்டு ஆட்டம் பேசிய துணைவர்களில் ஒருவரான பாப் பெய்ஸ்லியை உட்கார வைத்தார்கள். அவருக்கு அதில் ஆசையே இல்லை. ஒன்பது பருவத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. அவருக்குப் பின் வந்த ஜோ ஃபேகனும் அதே அறை ஆள்தான். ஆனால் லைண்டர்ஸ் 2024இல் சால்ஸ்பர்க் போய்விட்டார். அந்த அறை இப்போது கதையில்தான் இருக்கிறது.

ஸ்லாட், போர்ச்சுகலின் ரூபன் அமோரிம் என்று சொன்னவர்கள் (நான் அமோரிம் பக்கம், ஒப்புக்கொள்கிறேன்) கேட்டது பயிற்றுநரை. எந்த வடிவத்தில் ஆடுவார், பந்து பறிபோனால் எவ்வளவு வேகமாகத் திரும்பப் பிடுங்கப் பார்ப்பார், இதுதான் எங்கள் கவலை. ஃபெயனூர்டுக்கு 2023இல் டச்சு லீக் வாங்கிக்கொடுத்தவர் ஸ்லாட். ஊர் அவரைக் கட்டிக்கொள்ளுமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஆக மூன்று கட்சியும் மூன்று வேலைக்கு ஆள் தேடியிருக்கிறோம். பிறகு எப்படி ஒத்துப்போகும்?

இனிச் சொல்லுக்கு வருவோம். வந்த முன்மொழிவுகள் பற்றி என் கருத்து:

'அணி நடத்துநர்' வேண்டாம். பேருந்து நடத்துநர் போல விசில் கையில் இருப்பதால் அது நடுவருக்குத்தான் பொருந்தும். 'அணித்தலைவர்' கேப்டனுக்குப் போய்விட்டது. நான் போட்ட 'ஆட்டநெறியாளர்' தொலைக்காட்சி விவாதத்தில் நடுவில் உட்காருபவர் போல இருக்கிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். திரும்பப் பெறுகிறேன்.

மட்டக்களப்பு அண்ணன் சொன்ன 'அண்ணாவியார்' எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அங்கே நாட்டுக்கூத்தில் யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்பவர், மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்குபவர், அரங்கேற்ற நாளில் ஓரத்தில் நின்று முழுக் கூத்தையும் கொண்டுசெல்பவர் அண்ணாவியார். நம் தெருக்கூத்தில் அவர் வாத்தியார். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற அந்த மனிதருக்கு இதைவிட நெருக்கமான உருவம் தமிழில் இல்லை. ஆனால் 'தொடர் தோல்வி: செல்சி அண்ணாவியார் நீக்கம்' என்று எழுதிப் பாருங்கள். அண்ணாவியாரை யாராவது நீக்குவார்களா? மேனேஜர் நீக்கப்படவே பிறந்தவர். மரியாதை கூடிப்போன சொல் இந்த வேலைக்கு ஆகாது.

அதனால் அண்ணன் போகிற போக்கில் எழுதிய இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: முகாமையாளர். இலங்கையில் மேனேஜருக்கு அன்றாடச் சொல்லே அதுதான். பயிற்சியாளருக்குப் பதில் பயிற்றுநர். பயில்பவர் வேறு, பயிற்றுபவர் வேறு என்பதும் அதில் தெளிவாக நிற்கிறது. (பயிற்றுனரா பயிற்றுநரா என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். இயக்குநர் என்று எழுதுவதுபோலத்தான்.)

என் முன்மொழிவு: முகாமையாளர், தலைமைப் பயிற்றுநர்.

---

மறு:

தம்பி, எங்கட வங்கியிலும் முகாமையாளர்தான் இருக்கிறார், கடன் தரமாட்டார். உங்கட அப்பா கேட்ட கேள்வியை எங்கட அப்பாமார் கேட்கமாட்டார்களா?

---

மறு: மறு:

கேட்பார்கள் அண்ணன். ஆனால் ஆங்கிலேயனுக்கும் வங்கியில் இருப்பவர் மேனேஜர்தான், அவன் குழம்பவில்லையே. இங்கே தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை வேறு எதற்கும் புழங்குவதில்லை. அதனால் படித்ததும் கால்பந்து மட்டும்தான் நினைவுக்கு வரும். உங்களுக்குப் பழகிய சொல், எங்களுக்குக் கலைச்சொல். இரண்டு கரைக்கும் ஒரே எழுத்து.

---

மறு: மறு: மறு:

ஒப்புக்கொள்கிறேன், மேலாளரை விட்டுவிடுகிறேன். பருவத்தின் நடுவில் ஒருவரை நீக்கினால், அடுத்தவர் வரும்வரை இருப்பவருக்கு என்ன? ஆங்கிலத்தில் அதற்கும் தனிப்பெயர் உண்டே.

அப்புறம் ஒன்று. 2024 மே 19ஆம் தேதி வுல்வ்ஸ் அணியுடனான தன் கடைசி ஆட்டம் முடிந்து கிளாப் ஒலிவாங்கியைப் பிடித்துத் தனக்குப் பின் வருபவரின் பெயரைத் தானே பாட்டாகப் பாடி அரங்கையும் பாடவைத்தார், பார்த்தீர்களா? அப்படிச் செய்பவரை நீக்கமாட்டார்கள். அவருக்கு மட்டும் அண்ணாவியார் என்று எழுதிக்கொள்கிறேன், தடுக்காதீர்கள்.

---

மறு: மறு: மறு: மறு:

தடுக்கவில்லை ஐயா. இடையில் இருப்பவருக்கு அரசு அலுவலகத்திலேயே விடை இருக்கிறது: 'முகாமையாளர் (பொறுப்பு)'. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.