வேர்ஹவுஸா, டிரக்கா, பிஎஸ்டபிள்யூவா? திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கனடா வந்து நாலு மாசம் ஆகுது, டொரண்டோ ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட்ல இருக்கோம். ஏஜென்சி மூலமா வேர்ஹவுஸ் வேலை, மணிக்கு 17.60 டாலர். கிறிஸ்மஸ் முடிஞ்சதும் ஷிப்ட் கொறைஞ்சு போச்சு, போன வாரம் ரெண்டே நாள் தான், அதுலயும் ஒரு நாள் ராத்திரி அந்தக் குளிர்ல ரெண்டு பஸ் மாறி போய் நின்னா ஒரு மணி நேரத்துல இன்னிக்கு ஆள் போதும்னு திருப்பி அனுப்பிட்டாங்க, சம்பளமும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தான் போட்டிருக்காங்க. ஒண்ணாம் தேதி வாடகை கட்டணும். இப்ப இன்னொரு வேர்ஹவுஸ்ல நேரடியா எடுக்குறாங்க, நைட் ஷிப்ட், 19 டாலர். ஒரு டிரக் ஸ்கூல்ல பேசினேன், மொத்தம் 9,000, திங்கட்கிழமைக்குள்ள 2,000 கட்டலைன்னா சீட் போயிடும்ங்கறாங்க. என் சகலை, பிஎஸ்டபிள்யூ படி, வயசானவங்களப் பாத்துக்குற வேலைக்கு இங்க எப்பவும் ஆள் வேணும்ங்கறார். எதுல போறதுன்னு தெரியல, மூணு நாளா தூக்கமில்ல. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஹைவே17:
டிரக் தான். யோசிக்கவே வேணாம். நான் 2019ல வந்தப்ப கையில 600 டாலர், இன்னிக்கு சொந்த வீடு. முதல் விண்டர் ரொம்ப கொடுமை, தண்டர் பே போற வழில வாவா கிட்ட ரோட்ட மூடிட்டாங்க, ராத்திரி பூரா வண்டிக்குள்ளயே, கூட பேச ஆள் இல்ல, பொண்ணு பொறந்த சேதி எனக்கு அங்க தான் போன்ல வந்துச்சு. அப்படி ஒரு வருஷம் பல்ல கடிச்சுட்டு ஓட்டிட்டா அப்புறம் வேலைக்கு கெஞ்ச வேண்டியதில்ல. பணத்த கட்டிடுங்க தம்பி.

பனையடி:
தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நான் 1992 இல வரேக்க ஒரு பாஷையும் தெரியாது, ரெஸ்டோரண்டில கோப்பை கழுவினனான், விடியப்புறம் பேப்பர் போட்டனான், அகதிக் கேஸ் முடியும் வரைக்கும் ரெண்டு வேலை. ஒரு அறையில ஆறு பேர் படுத்தனாங்கள், ஒருத்தர் வேலைக்குப் போனாத்தான் மற்றவருக்குப் பாய். ஒரு வேலையும் குறைஞ்ச வேலை இல்லை. முதல்ல அந்த 19 டாலர் வேலையப் பிடியுங்கோ, வாடகைய கட்டுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்.

ஸ்டீரிங் விட்டவன்:
ஹைவே17 அண்ணா காலத்துல நடந்தது இப்ப நடக்கல. நானும் எம்ஈஎல்டிங்குற டிரக் டிரைவர் பயிற்சி முடிச்சு (103.5 மணி நேரம், அது இல்லாம ஏஇஸட்ங்குற பெரிய டிரக் லைசென்ஸுக்கு ரோடு டெஸ்டுக்கே போக முடியாது) லைசென்ஸ் எடுத்தேன். எடுத்தப்புறம் எந்த கம்பெனிக்கு போனாலும் இன்சூரன்ஸ்காரங்க ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறாங்க. புதுசா வந்தவனை எடுக்குறேன்னு சொன்ன ஒரே இடத்துல, உன் பேர்ல ஒரு கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணு, இன்வாய்ஸ் போடு, அப்ப தான் காசுன்னாங்க. அப்படி ஓட்டினா அவங்க கணக்குல நீங்க தொழிலாளியே கிடையாது, லீவு பே இல்ல, ஓவர்டைம் இல்ல, வேலை போனா அரசு தர்ற ஈஐ உதவிப் பணம் இல்ல. எட்டு மாசம் ஓட்டினேன், கடைசி ரெண்டு மாச காசு இன்னும் வரல. ஒரு கேள்வி, உங்ககிட்ட ஃபுல் ஜி, அதாவது கார் ஓட்டுற முழு லைசென்ஸ் இருக்கா?

காவிரிக்கரை:
இல்லண்ணா, ஜி1 தான் இருக்கு, நம்ம ஊர் எல்எல்ஆர் மாதிரி. ஸ்கூல்ல அது பிரச்சினை இல்லன்னு சொன்னாங்களே.

ஸ்டீரிங் விட்டவன்:
பிரச்சினை தான். ஜி1, ஜி2 வச்சிருக்குறவங்க ஏஇஸட்டுக்கு அப்ளை பண்ணவே முடியாது, ஃபுல் ஜி வேணும். முதல்ல ஊர் ஆர்டிஓல லைசென்ஸ் விவரத்துக்கு பேப்பர் வாங்கி அனுப்பச் சொல்லுங்க, அந்த அனுபவத்த காட்டினா இங்க காத்திருக்குற காலம் குறையும். இத மறைச்சு 2,000 கேக்குற ஸ்கூல்ல தயவுசெஞ்சு கால வைக்காதீங்க. தெரியாம கையெழுத்து போட்டிருந்தாலும், பதிவு பண்ணின தனியார் காலேஜா இருந்தா கான்ட்ராக்ட் கைக்கு வந்த 2 நாளைக்குள்ள எழுத்துல கேன்சல் பண்ணினா முழுப் பணமும் திரும்பத் தரணும்.

மோர்னிங்சைட் அக்கா:
நான் பிஎஸ்டபிள்யூவா 11 வருசமா லோங் டேர்ம் கெயாரில, முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். வேலைக்குக் குறைவில்லை, அது உண்மை. ஆனா கனபேர் நினைக்கிற மாதிரி எடுத்த உடன முழுநேரம் கிடைக்காது, கஷுவல் எண்டு தொடங்கி ரெண்டு இடத்தில ஓடித்தான் மணித்தியாலம் சேர்க்கோணும். இடுப்பு போயிடும், எனக்கு ரெண்டு தரம் போச்சுது. ஆனா ஒரு அம்மா, தன்ர பிள்ளையளின்ர பேரே மறந்து போன ஆள், காலமை என்னைக் கண்டா மட்டும் சிரிப்பா. அதுக்காகத்தான் இன்னும் நிக்கிறன். மனசு இருந்தா வாங்கோ, காசுக்கு மட்டுமெண்டா வராதேங்கோ. உங்களுக்கு பிஆரா (நிரந்தர வதிவிடம்), வேர்க் பெர்மிட்டா? அதைச் சொல்லேல்லையே.

காவிரிக்கரை:
சாரிக்கா, அத எழுத மறந்துட்டேன். மனைவி மாஸ்டர்ஸ் படிக்குறாங்க, 20 மாச கோர்ஸ். நான் ஸ்பௌஸ் ஓப்பன் வொர்க் பெர்மிட்ல வந்திருக்கேன். பிஆர் போடணும்னு தான் ஆசை.

மோர்னிங்சைட் அக்கா:
அப்ப ரெண்டு விசயம் பாருங்கோ. உங்கட பெர்மிட்டில கீழ, ஹெல்த் வேலை செய்யக்கூடாது எண்டு ஒரு வரி இருக்கும் சிலருக்கு. மெடிக்கல் எடுக்காமல் வந்தா அப்பிடித்தான் அடிப்பினம், பிறகு மெடிக்கல் செய்து மாத்தலாம். மற்றது, ஆறு மாசத்துக்கு மேற்பட்ட படிப்பெண்டா ஸ்டடி பெர்மிட் தேவை. கனக்க பிஎஸ்டபிள்யூ கோர்ஸ் ஆறு மாசத்தைத் தாண்டும். உங்கட சகலைக்கு பிஆர் எண்டா அவருக்கு இது தெரிஞ்சிருக்காது.

நைட்ஷிப்ட்:
எங்க போனாலும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் தான் கேக்குறான். நான் எம்காம், பத்து வருஷம் பேங்க்ல இருந்தவன், இங்க பெட்டி தூக்குறேன். வாடகைக்கே சம்பளம் போயிடுது. ஏஜென்சி நம்ம உழைப்புல பாதிய தின்னுது. எதுக்கு தான் வந்தோமோ.

பனையடி:
எங்கட ஆக்களும் சும்மா இல்லை தம்பி. எனக்கு முதல் வேலை தந்தது எங்கட ஊர் ஆள்தான், கையில காசு, மணிக்கு ரெண்டு டொலர் குறைச்சு. ஊர்க்காரன் எண்டு வாய் திறக்காமல் நிண்டனான்.

நைட்ஷிப்ட்:
இப்பவும் அதே தாண்ணா. கேஷ் வேலைல விரல் போனா கூட யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா அடுத்த வாரம் ஷிப்ட் இல்ல.

ஹைவே17:
2026 ஜனவரி 1ல இருந்து நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல 25 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற கம்பெனி விளம்பரத்துல கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்னு போடக்கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. ஆனா இன்டர்வியூல மனசுக்குள்ள நெனைக்குறத எந்த சட்டம் தடுக்கும்.

பேனல் போர்டு:
எல்லாரும் சொன்னது சரி, ஆனா தம்பி ஊர்ல என்ன வேலை பாத்தார்னு ஒருத்தரும் கேக்கல, அவரும் சொல்லல. என்ன படிச்சீங்க, எங்க வேலை பாத்தீங்க?

காவிரிக்கரை:
டிப்ளமோ எலக்ட்ரிக்கல். திருச்சில ஒரு ஃபேக்டரில ஆறு வருஷம் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், அப்புறம் துபாய்ல மூணு வருஷம். மோட்டார், பேனல், விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்துறது), கொஞ்சம் பிஎல்சி (மெஷின ஓட்டுற கன்ட்ரோலர்). இங்க லைசென்ஸ் இல்லாம எலக்ட்ரிக்கல் பக்கமே போக முடியாதுன்னு ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தவரே சொல்லிட்டார், அதனால அத விட்டுட்டேன்.

பேனல் போர்டு:
அதை விட்டுடாதீங்க. நான் அந்த வேலை தான் பாக்குறேன், நீங்க வந்த அதே மாதிரி வந்தவன். பொறுமையா படிங்க.

இங்க ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நம்பர் இருக்கு. வீடு, கட்டடம் வயரிங் பண்றது 309ஏ. அதுக்கு லைசென்ஸ் கட்டாயம், இல்லன்னா அப்ரன்டிஸா பதிவு பண்ணியிருக்கணும். ஃபேக்டரிக்குள்ள மெஷின் பாக்குற இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரீஷியன் 442ஏ, அது கட்டாயத் தொழில் இல்ல. உங்க ஒன்பது வருஷம் முழுக்க இதுல தான் வருது. தொழில் சர்டிபிகேட் தர்ற ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோல டிரேட் ஈக்விவலன்சி அசெஸ்மென்ட்னு ஒண்ணு இருக்கு, பழைய கம்பெனி லெட்டரக் காட்டி, இவருக்கு தேவையான அனுபவம் இருக்குன்னு அவங்க ஒத்துக்கிட்டா நேரா பரீட்சை எழுதலாம், 70 சதவீதம் எடுத்தா பாஸ். இங்க அப்ரன்டிஸா ஆரம்பிச்சா அது 9,000 மணி நேரம்.

இப்ப பிஆர் கணக்கு. சிஈசிக்கு, அதாவது இங்க வேலை பாத்த அனுபவத்த வச்சு பிஆர் போடுற வழிக்கு, இங்க ஒரு வருஷம், 1,560 மணி நேரம், டீயர் (வேலைகள அரசு 0ல இருந்து 5 வரைக்கும் பிரிக்குற தரம்) 0ல இருந்து 3க்குள்ள இருக்குற வேலையா இருக்கணும். வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குறது டீயர் 5. பத்து வருஷம் தூக்கினாலும் அதுக்கு ஒரு மணி நேரம் கூட சேராது. செக்யூரிட்டி, ஹோம் கேர் ரெண்டும் டீயர் 4. லோங் டேர்ம் கேர்ல பிஎஸ்டபிள்யூ 3, டிரக்கும் 3. இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரீஷியன் 2. அதுல கூட கவனம், ஆஃபர் லெட்டர்ல ஹெல்பர்னு போட்டா அது 5க்கு போயிடும். அந்த டிரேட் சர்டிபிகேட் கைக்கு வந்து இங்கிலீஷ்ல நாலு பகுதிலயும் சிஎல்பி (கனடா மொழித் தர அளவு) 7 இருந்தா, பாயின்ட் போட்டு பிஆருக்கு ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரில 50 பாயின்ட் தனியா கிடைக்கும்.

அதுக்காக நாளைக்கே ஃபேக்டரி வேலை கிடைச்சிடும்னு சொல்ல மாட்டேன். எனக்கு ஏழு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் பனையடி அண்ணா சொன்ன 19 டாலர் வேலைய எடுத்துக்கங்க, ஆனா டி4 (வருமான வரிக்கு கம்பெனி தர்ற சம்பளச் சீட்டு) தர்ற வேலையா இருக்கணும். நைட் ஷிப்ட்ல ஒரு நல்லது, பகல்ல இன்டர்வியூக்கு போக லீவு கேக்க வேண்டியதில்ல. தூக்கம் போகும், மனைவிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுக்கங்க.

படிக்க வேண்டியதும் இருக்கு. நம்ம ஊர்ல 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்க ஃபேக்டரில பெரும்பாலும் 600 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வயர் கலரும் வேற, நியூட்ரல் வெள்ளை, பேஸ் சிவப்பு கறுப்பு நீலம். ஊர்ல கறுப்ப நியூட்ரல்னு தொட்டு பழகின கை, இங்க கறுப்பு லைவ். முதல் நாளே அத மண்டைல ஏத்திக்கங்க, இது உயிர் விஷயம்.

காவிரிக்கரை:
அண்ணா, படிக்கும்போதே கண்ணுல தண்ணி வந்துருச்சு. நாலு மாசமா என்னை எலக்ட்ரீஷியன்னு யாரும் கூப்பிடல. டிரக் ஸ்கூலுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், வேர்ஹவுஸ்ல திங்கள் ராத்திரி ஜாயின் பண்றேன். திருச்சி கம்பெனில எச்ஆர் மாறிட்டாங்க, லெட்டர்ல என்னென்ன கேக்கணும்?

பேனல் போர்டு:
லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை மணி நேரம். முக்கியமா என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு வரி வரியா. "நல்ல உழைப்பாளி"ன்னு நாலு வரி எழுதித் தந்தா பிரயோஜனமில்ல. கையெழுத்து போட்டவர் போன், ஈமெயில் இருக்கணும். எச்ஆர் தரலைன்னா உங்க பழைய மெயின்டனன்ஸ் மேனேஜர பிடிங்க. வேலை லிஸ்ட்ட நீங்களே 442ஏ பாடத்திட்டத்தப் பாத்து, நிஜமா செஞ்சத மட்டும் டைப் பண்ணி அனுப்பினா அவருக்கும் சுலபம். துபாய் லெட்டரையும் இப்பவே கேளுங்க, ரெண்டும் ஒண்ணா வரணும்.

மோர்னிங்சைட் அக்கா:
தம்பி, அந்த ஒரு மணித்தியாலச் சம்பளத்தை விட்டுடாதேங்கோ. வழமையா மூண்டு மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்யிற ஆளைக் கூப்பிட்டுட்டுத் திருப்பி அனுப்பினா மூண்டு மணித்தியாலச் சம்பளம் குடுக்கோணும், ஒன்டாரியோ சட்டம். முதல்ல ஏஜென்சிக்கு ஈமெயில் போடுங்கோ, தராட்டி மினிஸ்ட்ரி ஒஃப் லேபரில கம்ப்ளெயின்ட் குடுக்கலாம், காசு கட்டத் தேவையில்லை, ரெண்டு வருசம் வரைக்கும் நேரம் இருக்கு. வேர்க் பெர்மிட் ஆள் எண்டதால உரிமை குறையாது.

காவிரிக்கரை:
சரிக்கா, இன்னிக்கே மெயில் போடுறேன். திங்கக்கிழமைக்கு சேஃப்டி ஷூ வாங்கணும், எது வாங்குறது?

பேனல் போர்டு:
பச்சை முக்கோணம் போட்டது வாங்குங்க. அதோட வெள்ளைப் பட்டைல ஆரஞ்சு கலர் ஒமேகா குறி இருக்கான்னு பாருங்க, கரன்ட்டுக்கு அது தான். ரெண்டு குறியும் இருக்குற ஒரே ஜோடி இப்ப வேர்ஹவுஸுக்கும் ஆகும், நாளைக்கு பேனலுக்கும் ஆகும்.