மிங் வம்சம் 1566: முதல் நாலு பாகத்திலேயே தலை சுத்துது, எதைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்கறது?

கோத்தகிரிப் பனி

2007-இல் வந்த சீனத் தொடர், மொத்தம் 46 பாகம். லஞ்சம், அரசவைச் சூழ்ச்சி பற்றி இதைவிட ஆழமான தொடர் இல்லைன்னு சொல்றாங்க. ஆனா முதல் பாகத்துக் கணக்குக் கூட்டத்திலேயே புரியாம நிக்குது. யார் உத்தரவு போடறாங்க, யார் தடுக்கறாங்க? பேரரசர் ஏன் திரைக்குப் பின்னாலேயே இருக்கார்? இன்னொண்ணு: நெல்லை விடப் பட்டுக்கு வருமானம் அதிகம்னா, நெல் வயல்ல முசுக்கொட்டை (பட்டுப்புழு தின்னற மல்பெரி) வைக்கச் சொல்லி அரசு போடற ஆணையை விவசாயிங்க ஏன் மறுக்கறாங்க? நம்ம மலையில சாமை போட்ட நிலமெல்லாம் தேயிலையா மாறலையா? இதுல எவ்வளவு உண்மை வரலாறு?

வட்டக்கானல்

முகங்களை விடுங்க, காகிதம் போகிற வழியைப் பாருங்க. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1380-இல் பிரதம அமைச்சர் பதவியையே ஒழித்துவிட்டார். அந்த வெற்றிடத்தில் மெல்ல வளர்ந்ததுதான் யான் சோங் தலைமை வகிக்கும் உள்மன்றம். அதற்குத் தானாக ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஒரு விண்ணப்பம் வந்தால், என்ன பதில் தரலாம் என்று துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டி உள்ளே அனுப்பும். அரண்மனை அண்ணகர்களின், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்களின், தலைமை அலுவலகம் (தொடரில் அதன் தலைவர் லூ ஃபாங்) பேரரசர் பெயரால் அதைச் சிவப்பு மையில் எழுதினால்தான் ஆணை. ஆக, கறுப்பு மை ஒரு கை, சிவப்பு மை இன்னொரு கை. இரண்டில் ஒன்று நின்றால் பணம் நகராது.

அந்தக் கணக்குக் கூட்டம் முழுக்க இதுதான். அளவு மீறிய செலவுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட ஒரு தரப்பு மறுக்கிறது. யான் சோங்கின் மகன் யான் ஷிஃபான் மிரட்டுகிறார். 1557-இல் எரிந்துபோன பெரிய மண்டபங்களைத் திரும்பக் கட்டும் செலவும் அந்தக் காலத்துக் கஜானாவை அழுத்தியது. இந்தக் காட்சியை இரண்டு தடவை பாருங்க. முதல் தடவை எந்தச் சீட்டில் யார் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்க, வசனம் அப்புறம்.

திரை விஷயம்: 1542-இல் அரண்மனைப் பெண்கள் சேர்ந்து, தொடரில் வரும் ஜியாஜிங் பேரரசரின் கழுத்தை நெரித்துக் கொல்லப் பார்த்தார்கள். தப்பியவர் மேற்குத் தோட்டத்துக்குக் குடிபோனார். 20 வருஷத்துக்கு மேல் முறையான அரசவையில் அமரவே இல்லை, தாவோ (சீனாவின் பழைய சமயம்) வழிபாடுதான். தொடரில் அவர் மணி ஒலிக்கிறார், கவிதை சொல்கிறார், வெளிப்படையாக ஒரு கட்டளையும் தருவதில்லை. அதனால் நல்லது நடந்தால் அவருடையது, கெட்டது நடந்தால் கீழே இருப்பவருடையது. யான் சோங் 80 வயதை எட்டியும் தாக்குப்பிடித்தது அவர் வாய்விட்டுச் சொல்லாததைப் படிக்கத் தெரிந்ததால்தான். ஊழலின் வேர் அந்தத் திரைதான் என்பது என் கருத்து. யான் குடும்பத்தை மட்டும் வில்லனாக எடுத்துக்கொண்டால் தொடரின் பாதி கைநழுவும்.

குறிஞ்சிப்பூ

ஆளை அடையாளம் பிடிக்க உடையைப் பாருங்க. மிங் விதிப்படி 1 முதல் 4-ஆம் தரம் வரை சிவப்பு அங்கி, 5 முதல் 7 வரை நீலம், அதற்குக் கீழே பச்சை. நெஞ்சுச் சதுரத்தில் பறவை இருந்தால் குடிமை அதிகாரி, விலங்கு இருந்தால் படைத்தரப்பு. மாவட்ட நீதிபதி 7-ஆம் தரம், நீலம்.

பச்சை இலை

முசுக்கொட்டைக் கேள்விக்கு வர்றேன். தேயிலை ஒப்பீடு நல்ல ஒப்பீடுதான், ஆனா அதுவே பதிலும் சொல்லுது. இங்க சாமை, கொரளி, உருளைக்கிழங்கு போட்ட நிலம் தேயிலையானது பல பத்தாண்டுகள்ல. நாத்து வெச்சு சரியா இலை பறிக்கவே மூணு வருஷம் ஆகும்; அதுவரைக்கும் பக்கத்து நிலம் சோறு போட்டுது. தொடர்ல மொத்தத்தையும் ஒரே பருவத்துல மாத்தச் சொல்றாங்க. வளர்ந்து நிக்கற நெல் நாத்தைக் குதிரையை விட்டு மிதிக்கறாங்க. இலை வர்ற வரைக்கும் சாப்பாடு? வரி?

பட்டுக்கு இலை எவ்வளவு வேணும்னு கணக்குப் பாருங்க. இன்னைக்கு நம்ம ஊர் அளவுல 100 முட்டைத் தொகுதிக்கு (ஒரு பட்டுப்பூச்சி இடற முட்டை ஒரு தொகுதி) ஏறக்குறைய ஒரு டன் இலை போகும். ஒரு கிலோ பட்டு நூல் எடுக்க 6, 7 கிலோ கூடு வேணும். நல்ல ரகத்துக்கும் நல்ல கொட்டகைக்குமே இவ்வளவு. தொடர்ல வெளிநாட்டு வியாபாரிக்கு ஒத்துக்கிட்டது 5 லட்சம் சுருள் துணி! இலை வர்றதுக்கு முன்னாடியே துணிக்கு வாக்குக் கொடுத்தாச்சு.

அப்புறம்தான் தொடர்ல வேணும்னே அணையை உடைக்கறது. வெள்ளம் வந்தா நெல் போகும், பசி வரும், நிலத்தை அடிமாட்டு விலைக்கு வித்தாகணும். வாங்கறவங்க கையில நெல் மூட்டை தயாரா இருக்கும். விவசாயி மறுக்கறது முசுக்கொட்டையை இல்லைங்க, நிலம் கைமாறறதை. ஆளுநர் ஹூ சோங்ஷியன் நிதானமா மாத்தலாம்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு: கடற்கொள்ளையர்கூட சண்டை நடக்கும்போது பின்னாடி பசிச்ச ஊர் இருந்தா படை நிக்காது.

மேல்மலை

வரலாற்றுக் கேள்விக்கு (முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்க). நெல்லை முசுக்கொட்டையாக்கும் ஆணை, அந்த அணை உடைப்பு, லூ ஃபாங், பட்டு வணிகர் ஷென் யீஷி எல்லாம் கற்பனை. தொடரின் நேர்மையான அதிகாரி ஹாய் ருய் உண்மை. தொடரில் 1561-இல் சுன்ஆன் மாவட்டத்துக்கு வருகிறார். நிஜத்தில் 1558-லேயே அங்கே மாவட்ட நீதிபதி. 7-ஆம் தரத்துச் சம்பளம் மாதம் ஏழரை ‘ஷி’ (சீன முகத்தல் அளவு) தானியம். அதில் அலுவலகமே ஓடாது என்பதால் வரிமேல் வரியாகக் கூடுதல் கட்டணம் வாங்குவது ஊர்வழக்கம். ஹாய் ருய் அதை வெட்டினார். அம்மா பிறந்தநாளுக்கு இரண்டு ‘ஜின்’ (சீன எடை அளவு) இறைச்சி வாங்கியது ஹூ சோங்ஷியன் காதுவரை போய்ப் பேச்சானதாகச் சொல்வார்கள்.

யான் சோங் 1562-இல் வீழ்ந்தார், மகன் 1565-இல் தண்டிக்கப்பட்டான். 1566-இல் ஹாய் ருய் சவப்பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் பேரரசரையே கண்டித்து விண்ணப்பம் அனுப்பினார். தலைப்பிலுள்ள ஆண்டு அதுதான். சிறையில் இருந்தவரை 1567 ஜனவரியில் பேரரசரின் மரணம் காப்பாற்றியது. பழைய சுன்ஆன் ஊர் 1959-இல் சின்ஆன் ஆற்று அணை நீருக்குள் போய்விட்டது.

கோத்தகிரிப் பனி

ரொம்ப நன்றிங்க. வசன வரியில ஒரே ஆளுக்கு நாலு பேர் வருதே?

வட்டக்கானல்

ஆமாம், பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்க: ‘கேலாவ்’ என்றால் உள்மன்றப் பெரியவர், பெரும்பாலும் யான் சோங். ‘ஷியாவ் கேலாவ்’, அதாவது சின்னவர், அவர் மகன். ‘பூதாங்’ ஹூ சோங்ஷியன். ‘லாவ் சூசோங்’ என்று அண்ணகர்கள் அழைப்பது லூ ஃபாங்கை. ‘காங்ஃபெங்’ ஹாய் ருய், அரசவை அதிகாரிகளில் ‘தாய்யுவே’ ஜாங் ஜூஜெங், ‘சூச்சிங்’ காவ் கோங்.