பிஸ்டலில் வெளி உதிரிகள்: மாட்டலாமா, வந்தபடியே விடலாமா?

இரும்புக்குறி:
9 மி.மீ. ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் (வெளியே சுத்தி இல்லாம, உள்ளே இருக்கிற ஸ்ட்ரைக்கர்ங்கிற ஊசி தோட்டாவை அடிக்கிற வகை) வாங்கின கையோட ரெட் டாட் (கண்ணாடியில சிவப்புப் புள்ளி காட்டற குறிக்கருவி), லைட், ட்ரிகர் கிட் (விசை இழுப்பை லேசாக்கற உதிரிகள்), காம்பென்சேட்டர் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில மாட்டற துண்டு)னு மாட்ட ஆரம்பிக்கிறாங்க. வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. ஸ்லைடோட (சுடும்போது பின்னால போய்த் திரும்பற மேல்பாகம்) எடை, அதைத் திரும்ப முன்னால தள்ளற ரீகாயில் ஸ்பிரிங், தோட்டாவோட வேகம் மூணையும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தித்தான் கம்பெனி வெளியே விடுது. காம்பென்சேட்டரையே பாருங்க. குழல் முனையில எடை ஏறுது, வாயு மேல போகுது, ஸ்லைடு பின்னால போற வேகம் குறையுது. வேகம் குறைவான 115 கிரெய்ன் எடைக் குண்டு இருக்கிற பயிற்சித் தோட்டா போட்டா காலிக் கூடு வெளியே தெறிக்காம ஸ்லைடோட திறப்புலயே நிமிர்ந்து சிக்கிக்கும். அதுக்கு மருந்தா லேசான ஸ்பிரிங் போடுவாங்க. கொஞ்சம் கரி சேர்ந்ததும் ஸ்லைடு முழுசா மூடாது. அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டா கை தேறும்.

செம்புள்ளி:
காம்பென்சேட்டரில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவியும். வெள்ளெழுத்து வந்தவருக்கு முன்குறி மங்கிவிடும். ரெட் டாட்டில் பார்வை இலக்கிலேயே நிற்கிறது. 3 எம்ஓஏ (கோண அளவு; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ) புள்ளி 25 மீட்டரில் சுமார் 2.2 செ.மீ. மறைக்கும், 6 எம்ஓஏ 4.4 செ.மீ. வேகமாகப் பிடிக்கப் பெரியது, நிதானமாகச் சுடச் சிறியது. கண் தளர்ந்தவருக்கு இது அலங்காரமே இல்லை.

இரும்புக்குறி:
புள்ளி கண்ணுல பட்டாத்தானே? மணிக்கட்டு கொஞ்சம் சாய்ஞ்சா கண்ணாடியில ஒண்ணும் தெரியாது, அதைத் தேடறதுலயே நேரம் போயிடும். புள்ளியை உண்டாக்கற எமிட்டர் மேல ஒரு மழைத்துளி விழுந்தா புள்ளி சிதறிடும். ஒவ்வொரு சுடுக்கும் ஸ்லைடோட சேர்ந்து பின்னால போய் அடி வாங்குது, திருகு தளராம என்ன செய்யும்?

பட்டறைக்காரர்:
திருகு தளர்வது பெரும்பாலும் மாட்டுகிற விதத்தால்தான். மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்து, சேம்பரைக் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு ஸ்லைடைக் கழற்றுங்கள். திருகையும் துளையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் திரெட் லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) பிடிக்காது. நீல நிற வகை ஒரு துளி போதும். திருகுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். முறுக்கும் விசையின் அளவு தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். பல மாடல்களுக்கு 12 முதல் 15 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர். கை உத்தேசம் வேண்டாம், டார்க் டிரைவர் (முறுக்கு விசையை அளக்கும் திருப்புளி) வாங்குங்கள். 24 மணி நேரம் சுடாதீர்கள். திருகுத் தலையிலிருந்து உடல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டால், அது விலகியதும் தளர்வு தெரிந்துவிடும்.

பலர் கோட்டைவிடும் இடம் திருகின் நீளம். கிளாக் எம்ஓஎஸ் (ரெட் டாட் மாட்ட ஸ்லைடில் இடம் வெட்டிய கிளாக் பிஸ்டல்) போன்றவற்றில் வலப்பக்கத் துளைக்கு நேர் கீழே, காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஊசி ஓடுகிறது. திருகு ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் அதை அழுத்திப் பிடித்துவிடும். முறுக்கிய பிறகு எக்ஸ்ட்ராக்டரை வெளிப்பக்கம் நெம்பிப் பாருங்கள். ஸ்பிரிங்போல் திரும்பாவிட்டால் திருகு நீளம். கவனிக்காமல் விட்டால் காலிக் கூடு சேம்பரிலேயே தங்கும், பழி ரெட் டாட் மேல் விழும்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். டிரிஜிக்கான் ஆர்எம்ஆர் டைப் 2 என்ற ரெட் டாட்டில் அடியில் இருக்கிறது. மாற்றக் கழற்ற வேண்டும், பிறகு குறி சரிபார்க்க வேண்டும். ஹோலோசன் 507சி-யில் பக்கவாட்டில் பேட்டரித் தட்டு.

செம்புள்ளி:
உயரமான இரும்புக் குறிகளும் கூடவே இருந்தால் புள்ளி அணைந்தாலும் சுடலாம். அதிலும் கணக்கு உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 165 மி.மீ. என்றால், முன்குறி அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே 25 மீட்டரில் குண்டு ஏழரை செ.மீ. கீழே விழும். இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

போட்டித்தடம்:
ட்ரிகரையும் விட்டுடாதீங்க. இரண்டரை கிலோ இழுப்பை ஒன்றரை கிலோவாக்கினா குறி ஆடுறது குறையும். ஐபிஎஸ்சி (சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு) புரொடக்‌ஷன் பிரிவுல முதல் சுடுக்கு 2.27 கிலோ, இல்லேன்னா எல்லாச் சுடுக்கும் 1.36 கிலோ குறையாம இருந்தா போதும்னு விதியே இருக்கு.

பட்டறைக்காரர்:
இழுப்பு எங்கிருந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். நிறைய கிட்களில் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை லேசாக்கியிருப்பார்கள். கடினமான ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் அடி வாங்கித் தீ மூட்டும் மூடி) பள்ளம் ஆழமாக விழாது, ‘டிக்’ என்று அடங்கிவிடும்; இரண்டாம் அடியில் வெடிக்கும். போட்டியில் நேரம் போகும், தற்காப்பில் உயிர் போகும். ட்ரிகரின் முன்னோட்டத்தை (சுடும் முன் அது சும்மா நகரும் தூரம்) குறைக்கும் திருகை அதிகம் முறுக்கினால், விரல் படாதபோதே ஸ்ட்ரைக்கர் தடுப்பு ஊசி பாதி மேலே ஏறியிருக்கும். கீழே விழுந்தால் காக்கும் ஏற்பாடு அதுதான்.

ட்ரிகரின் எடைகூட விளையாட்டில்லை. 2017-இல் சிக் சாவர் பி320 கீழே விழுந்து சுட்ட பிரச்சினைக்குப் பிறகு, அந்த நிறுவனம் எடை குறைந்த ட்ரிகர், ஸ்ட்ரைக்கர், சியர் (ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைக்கும் கொக்கி) போட்டுக் கொடுத்தது. விழும்போது கனமான ட்ரிகர் தன் வேகத்திலேயே பின்னால் நகரும். அழகுக்காகக் கனமான உலோக ட்ரிகர் மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கிட் போட்டே தீருவேன் என்றால், காலித் துப்பாக்கியில் ஸ்லைடைக் கழற்றி, தடுப்பு ஊசியைத் தொடாமல் ஸ்ட்ரைக்கரை முன்னே தள்ளுங்கள். முனை எட்டிப் பார்க்கக் கூடாது. ஊசியை அழுத்தினால் மட்டும் வர வேண்டும். மறுபடி பூட்டி, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்துவிட்டு, ட்ரிகரை மெல்ல விடுங்கள். ‘க்ளிக்’ கேட்க வேண்டும். பிறகு 200 தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள்.

போட்டித்தடம்:
அந்தச் சோதனைகளை ஏத்துக்கறேன். கனெக்டரை (ட்ரிகர் இழுப்பு ஸ்ட்ரைக்கரை விடுவிக்க உதவற சின்னத் தகடு) மட்டும் மாத்தி, ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கைக் கம்பெனியோடதாவே வெச்சா இழுப்பு கொஞ்சம்தான் குறையும், ஆனா ப்ரைமர் தவறாது. போட்டிக்கு அது போதும்.

இரும்புக்குறி:
போட்டித் துப்பாக்கிக்குச் சரி. தற்காப்புக்கு வெச்சிருக்கிறதுல ட்ரிகரைத் தொடாதீங்க. திருகு விஷயம் புரிஞ்சது, ரெட் டாட்டை இனி அவ்வளவு எதிர்க்க மாட்டேன். லைட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இருட்டுல யாருன்னு பார்க்க அதைத் திருப்பினா குழலும் அவங்க மேலதான் திரும்பும், அது உங்க பிள்ளையா இருந்தாலும். தேடறதுக்குக் கையில தனி டார்ச் வெச்சுக்குங்க.

செம்புள்ளி:
சரியான பேச்சு. லைட் மாட்டினால் ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) மாறும். லைட்டின் அகலத்துக்காக வாயை விரித்து வைத்திருப்பதால் சிலவற்றில் ட்ரிகர் கார்டைச் (ட்ரிகரைக் காக்கும் வளையம்) சுற்றி இடைவெளி விழுகிறது. காலித் துப்பாக்கியை உள்ளே வைத்து, சட்டை நுனியையும் ஒரு பேனாவையும் மேலிருந்து நுழைத்துப் பாருங்கள். ட்ரிகரை எட்டினால் அந்த ஹோல்ஸ்டர் வேண்டாம்.