சோனிக் ஹீரோஸ் வீடியோ கேம்: நாலு அணியும் முடித்தாகிவிட்டது, லாஸ்ட் ஸ்டோரி திறக்கவில்லை, உதவி தேவை

கடல்குதிரை (வெள்ளி இரவு 11:52)
அவசரம். நாலு அணியின் கதையையும் முடித்துவிட்டேன், கடைசிக் கதையான லாஸ்ட் ஸ்டோரி திறக்கவில்லை. அதற்கு ஏழு எமரால்ட் கற்களும் வேண்டும் என்று தெரியும், அதனால் மூன்று நாளாக லெவலைச் சாவியோடு முடித்து, அப்போது திறக்கும் ஸ்பெஷல் ஸ்டேஜுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன், முடித்தும் விடுகிறேன், ஆனால் எமரால்ட் வரவே இல்லை, வெறும் பாயின்ட்தான் வருகிறது. முன்பு கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை. சேவ் கெட்டுப்போய்விட்டதா? கேம் பெட்டி என்னுடையதில்லை, சித்தப்பா மகனுடையது, ஞாயிறு மாலை திருப்பித் தர வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நெட்டிலி (12:04)
எந்தப் பெட்டி? பிஎஸ்2வா (பிளேஸ்டேஷன் 2), கேம்கியூபா, எக்ஸ்பாக்ஸா, கம்ப்யூட்டரா? "முன்பு கிடைத்தது" என்றால் எத்தனை?

பழையகார்டு (12:11)
மெமரி கார்டு. நூற்றுக்கு நூறு மெமரி கார்டுதான். என் வீட்டில் இதே மாதிரி ஒரு கார்டு பாதி எழுதும், பாதி எழுதாது. லெவல் முடிந்தது பதிவாகும், மற்றது பதிவாகாது. முதலில் கார்டைக் கழற்றித் துணியால் துடைத்துவிட்டு வேறு கார்டில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். காப்பி எடுக்காமல் மேற்கொண்டு ஒரு லெவல்கூட ஆடாதீர்கள்.

நெட்டிலி (12:15)
கார்டு கெட்டிருந்தால் நாலு கதையும் முடிந்ததாகக் காட்டுமா? அவர்தான் ஸ்பெஷல் ஸ்டேஜ் முடிந்ததும் பாயின்ட் மட்டும் வருகிறது என்கிறாரே. திரையில் அந்த நிமிஷமே எமரால்ட் இல்லை, சேவ் அதற்குப் பிறகுதான்.

பழையகார்டு (12:18)
இருந்தாலும் ஒரு காப்பி நல்லது.

பிரேம்60 (12:30)
பிஎஸ்2வாக இருந்தால் நான் சொல்வதைக் கேளுங்கள். கேம்கியூபிலும் எக்ஸ்பாக்ஸிலும் இது நொடிக்கு 60 பிரேம் ஓடும், பிஎஸ்2வில் 30தான். ஸ்பெஷல் ஸ்டேஜில் குழாய்க்குள் ஓடும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியும். எமரால்டைத் துரத்திப் பிடிக்க முடியாமல்தான் போயிருக்கும்.

ஆதிகாலன் (12:41)
ஒவ்வொரு மாதமும் இதே கேள்வி. இந்த விளையாட்டு 2003 டிசம்பர் 30 அன்று ஜப்பானில் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் எழுதிவிட்டார்கள், தேடிப் படிக்க இரண்டு நிமிஷம் ஆகாது. எந்த அணி, எந்த லெவல் என்றுகூடச் சொல்லாமல் "உதவி உதவி" என்றால் யார் என்ன சொல்வது? தம்பி, ஒரு குறிப்பு தருகிறேன்: இரட்டைப்படை. யோசித்துப் பார்.

மூவரணி (12:50)
ஆதிகாலன் அண்ணா, சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாமே, அவருக்கு ஞாயிறு வரைதான் நேரம். கடல்குதிரை, நீங்கள் எந்தெந்த லெவலில் முயற்சி செய்தீர்கள்? வரிசையாகப் பெயர் போடுங்கள், அது போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடல்குதிரை (சனி காலை 7:20)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். பிஎஸ்2. எமரால்ட் இரண்டு இருக்கிறது, கதை ஆடும்போதே கிடைத்தது. மூன்று நாளாக ஆடியது சீசைடு ஹில், கிராண்ட் மெட்ரோபோலிஸ், கேசினோ பார்க், ரயில் கேன்யன். எல்லாம் சோனிக் அணி. சுலபமான லெவலாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

மூவரணி (7:34)
அதுதான் காரணம். உங்கள் சேவில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் ஆடியதிலும் குறை இல்லை.

பதினாலு லெவல், இரண்டிரண்டாக ஏழு ஜோடி. ஜோடியில் முதல் லெவலில் சாவியோடு முடித்தால் வருவது போனஸ் சேலஞ்ச், அங்கே எமரால்டே கிடையாது, நீங்கள் எத்தனை முறை முடித்தாலும் பாயின்ட்தான். இரண்டாவது லெவலில் முடித்தால்தான் எமரால்ட் சேலஞ்ச் வரும். ஆதிகாலன் சொன்ன இரட்டைப்படை இதுதான். நீங்கள் ஆடிய நாலும் ஜோடியின் முதல் லெவல்கள். சுலபமானது என்று தேடினால் கை அங்கேதான் போகும், நானும் முதல்முறை அப்படித்தான் ஒரு வாரம் சுற்றினேன்.

எமரால்ட் இருப்பது ஓஷன் பேலஸ், பவர் பிளான்ட், பிங்கோ ஹைவே, புல்லட் ஸ்டேஷன், லாஸ்ட் ஜங்கிள், மிஸ்டிக் மேன்ஷன், பைனல் ஃபோர்ட்ரெஸ். ஒன்றுக்கு ஒன்று. எந்த அணியில் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான், நாலு அணிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டியதில்லை. இதில் எந்த இரண்டு உங்களிடம் இருக்கிறது?

பழையகார்டு (7:50)
சரி, இது எனக்குத் தெரியாது. ஆனாலும் காப்பி எடுத்து வைக்கச் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை.

கடல்குதிரை (9:05)
ஓஷன் பேலஸும் பவர் பிளான்டும் இருக்கிறது. பிங்கோ ஹைவே போகிறேன். நன்றி!!

கடல்குதிரை (10:48)
புல்லட் ஸ்டேஷனில் சாவி காணாமல் போகிறது. எடுத்தேன், லெவல் முடிவில் இருக்கும் கோல் ரிங்கைத் தொட்டேன், ஸ்பெஷல் ஸ்டேஜே வரவில்லை. மூன்று முறை.

நெட்டிலி (10:55)
பிங்கோ ஹைவே கிடைத்ததா இல்லையா? புல்லட் ஸ்டேஷனில் எந்த அணி? சாவி எடுத்த பிறகு அடி வாங்கினீர்களா, விழுந்தீர்களா?

வேகன் (11:10)
அடி வாங்காமல் இருக்க ஒரே வழி நிற்காமல் ஓடுவது. அணியின் மூன்று பேரில் வேகமான சோனிக்கை முன்னால் வைத்துக்கொண்டு எதிரிகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடுங்கள். நான் பலசாலி நாக்கில்ஸையும் பறக்கும் டெயில்ஸையும் கட்டாயம் வேண்டிய இடம் தவிர எங்கேயும் முன்னால் கொண்டுவருவதில்லை. சோனிக் விளையாட்டு என்றால் வேகம், அதை நடுநடுவே நிறுத்தி ஆளை மாற்று, ஆளை மாற்று என்பது எனக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை.

மூவரணி (11:32)
வேகன், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, அவருடைய சாவி போவதே இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கடல்குதிரை, சாவி கையில் இருக்கும்போது ஒரே ஒரு அடி பட்டாலும் அது போய்விடும். உயிர் போனாலும் போய்விடும். ரிங் சிதறுவதைத்தான் கண் பார்க்கும், ஐயோ என்று ரிங்கைப் பொறுக்க ஓடுவோம், சாவி போனதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை அடி பட்டதும் ரிங்கை விட்டுவிட்டு சாவி இருக்கிறதா என்று திரையின் ஓரத்தைப் பாருங்கள்.

அடி எங்கே படுகிறது என்றால், கேடயம் பிடித்த எக் பான் ரோபோ இருக்கிறதே, அதன் முன்னால் போய் ஸ்பீட் ஃபார்மேஷனில் (சோனிக் முன்னால்) நேராகப் பாய்ந்தால் கேடயத்தில் மோதித் திரும்புவோம், காற்றில் இருந்து கீழே வரும் அந்தக் கணத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொன்று நம்மை அடிக்கும். அங்கே சோனிக்கின் டொர்னேடோவைச் சுழற்றினால் கேடயம் பறந்துவிடும். இல்லையென்றால் நாக்கில்ஸை முன்னால் கொண்டுவந்தால் கேடயத்தோடு சேர்த்து நொறுக்குவார். மேலே சுற்றும் பிளாப்பர் என்ற பறக்கும் ரோபோக்களுக்கு டெயில்ஸ்: தண்டர் ஷூட்டில் மற்ற இருவரையும் பந்து மாதிரி எறிந்தால் தூரத்தில் இருந்தே கீழே விழும், அதன் கிட்டேகூடப் போக வேண்டாம். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிரே நிற்பது என்ன என்று பார்த்து, போய்ச் சேர்வதற்குள் ஆளை மாற்றிவிட வேண்டும். நன்றாக ஆடுகிறவர் மாற்றும்போது நிற்கவே மாட்டார். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே அந்த ஒரு உணர்வுக்காகத்தான், மூன்று பேரும் ஒரே கையின் விரல்கள் மாதிரி ஓடுவார்கள்.

வேகன் (11:45)
நொறுக்கிக்கொண்டு நின்றால் நேரம் போகிறதே. ரேங்க் என்ன ஆவது?

மூவரணி (11:49)
அவருக்கு வேண்டியது எமரால்ட், ஏ ரேங்க் இல்லை. லாஸ்ட் ஸ்டோரிக்கு ரேங்க் தேவையே இல்லை, நாலு கதையும் ஏழு எமரால்டும் போதும். ஈ ரேங்க் வாங்கினாலும் சாவியோடு கோல் ரிங்கைத் தொட்டால் சரி.

நெட்டிலி (12:02)
புல்லட் ஸ்டேஷனில் இன்னொன்று. அங்கே பீரங்கிக்குள் இறங்கும்போது யார் முன்னால் இருக்கிறார்களோ அதைப் பொறுத்து எறிகிற திசை மாறும். யோசிக்காமல் இறங்கினால் எதிர்பார்க்காத இடத்தில் போய் விழுந்து, அங்கே இருக்கிற எதிரியிடம் அடி வாங்கி, சாவியை விட்டுவிடுவோம். இறங்கும் முன் ஃபார்மேஷனைப் பாருங்கள்.

அப்புறம், ஒரு லெவலில் சாவிக் கூண்டு மூன்று இருக்கும். முதல் கூண்டில் எடுத்த சாவியை லெவல் முழுக்கத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று இல்லை. முதலாவது போனால் பதறாதீர்கள், மூன்றாவது கூண்டு எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்து கோல் வரைக்கும் மட்டும் ஜாக்கிரதையாக ஆடுங்கள். அதுவரை டீம் பிளாஸ்ட் என்ற கூட்டுத் தாக்குதலின் கேஜை (அளவுப் பட்டையை) நிரப்பி வைத்திருந்து, கடைசி எதிரிக் கூட்டத்தில் விட்டால் ஒரே அடியில் எல்லாம் காலி.

இலைமறைவு (12:20)
ரோஸ் அணியில் ஆடச் சொல்லி யாருமே சொல்லவில்லையே? எமி, கிரீம், பிக். அவர்களுடைய லெவல்கள் எல்லாம் சின்னது, எதிரியும் குறைவு. என் தங்கை ஒன்பது வயதில் அந்த அணியில்தான் எமரால்ட் எல்லாம் எடுத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாவி எங்கே என்று மட்டும் சொல்வேன்.

ஆதிகாலன் (12:33)
ரோஸ் அணி விளையாட்டைக் கற்றுக்கொள்பவர்களுக்கு. அவர்களுக்கு மட்டும்தான் தொடக்கத்தில் சீ கேட் என்று பயிற்சி லெவலே இருக்கிறது. அதில் எடுத்த எமரால்டை நான் எடுத்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. டார்க் அணியில் ஏழும் எடுத்துவிட்டு வந்து பேசுங்கள்.

இலைமறைவு (12:41)
நீங்கள் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன, விளையாட்டு சேர்க்கிறது, கதை திறக்கிறது. ஒன்பது வயதுப் பெண் பைனல் ஃபோர்ட்ரெஸில் சாவியைக் கடைசி வரைக்கும் காப்பாற்றிக்கொண்டு வந்தாள், கை வியர்த்துப் போய் கன்ட்ரோலரைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஆடினாள். அதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது எடுத்ததுதான்.

வேகன் (12:50)
இதில் நான் இலைமறைவு பக்கம். எல்லா அணியும் விளையாட்டில் இருக்கிறது, அவரவர்க்கு வருகிறதை ஆடட்டும். ஆனால் எமியால் சோனிக் மாதிரி லைட் டேஷ் போட முடியாது, ரிங் வரிசையைப் பார்த்ததும் பழக்கத்தில் பாய்ந்துவிடாதீர்கள், பள்ளத்தில் விழுவீர்கள்.

பிரேம்60 (1:05)
எல்லாம் சரி, 30 பிரேமில் குழாய் ஸ்டேஜ் எப்படி ஆடுவது என்று யாரும் சொல்லவில்லையே. முடிந்தால் கேம்கியூபுக்கு மாறுவதுதான் நல்லது.

நெட்டிலி (1:12)
ஞாயிறு மாலைக்குள் கேம்கியூபுக்கு எங்கே போவார்? நான் பிஎஸ்2விலேயே ஏழும் எடுத்தேன், முடியும். கோளங்களை எடுத்தால் கேஜ் ஏறும், கேஜ் இருக்கும்வரை டேஷ் போகும். கேஜ் காலியான பிறகு தேடாமல், பாதி இருக்கும்போதே அடுத்த கோள வரிசையைக் கண்ணால் பிடித்து அதன் மேல் போய்விடுங்கள். குழாயின் கூரைப்பக்கம் ஏறினால் இடமும் வலமும் கைக்குக் குழம்பும், அதனால் முடிந்தவரை கீழ்ப்பாதியிலேயே இருங்கள். ஒன்றிரண்டு கோளத்துக்காக மேலே ஏறிவிட்டு, இறங்கும்போது தடையில் மோதினால் வேகம் போய்விடும், எமரால்ட் தூரமாகிவிடும்.

கடல்குதிரை (மாலை 6:40)
பிங்கோ ஹைவே, புல்லட் ஸ்டேஷன் இரண்டும் வந்துவிட்டது. நாலு. புல்லட் ஸ்டேஷனில் ரோஸ் அணி, மூன்றாவது கூண்டு. கேடயக்காரனிடம்தான் சாவி போய்க்கொண்டிருந்தது, சரியாகச் சொன்னீர்கள்.

பழையகார்டு (6:52)
காப்பி எடுத்தீர்களா?

மூவரணி (7:03)
அருமை. லாஸ்ட் ஜங்கிளுக்கு ரோஸ் போதும். மிஸ்டிக் மேன்ஷனை மட்டும் கேயாட்டிக்ஸ் அணியில் முயற்சி செய்யாதீர்கள், அங்கே எல்லாத் தீப்பந்தங்களையும் தேடித் தேடி அணைக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் திரும்பச் சுற்ற வேண்டும், அத்தனை நேரமும் சாவியைக் காப்பாற்றுவது பெரும்பாடு. நேரம் இருக்கும் இன்னொரு நாளில் ஆடுங்கள், அந்த அணியின் எஸ்பியோ இலைச்சுழலில் மறைந்து எதிரிகளுக்கு நடுவே நடந்து போவது இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்.

இலைமறைவு (7:15)
லாஸ்ட் ஸ்டோரியில் நாலு அணியும் வரும், எல்லாரிடமும் கொஞ்சம் பழகி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரோஸ், அப்புறம் கேயாட்டிக்ஸ், அப்புறம் டார்க். கடைசியில் யார் என்று சொல்ல மாட்டேன்.

ஆதிகாலன் (7:31)
பைனல் ஃபோர்ட்ரெஸில் அவசரப்படாதே தம்பி. அங்கே கீழே தரை கிடையாது, தவறினால் உயிரும் போகும், சாவியும் போகும். மழையில் தண்டவாளத்தில் சறுக்கும்போது லேசர் வரும் பக்கத்தைப் பார்த்து முன்கூட்டியே அடுத்த தண்டவாளத்துக்குத் தாவு. ரோஸ் அணியிலேயே எடுத்துக்கொள்.

கடல்குதிரை (ஞாயிறு மாலை 4:10)
ஆறு. பைனல் ஃபோர்ட்ரெஸ் மட்டும் பாக்கி. சித்தப்பா மகன் வந்துவிட்டான், விஷயத்தைச் சொன்னேன், அவனும் ஏழு எமரால்டையும் பார்த்ததே இல்லையாம், உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுதுகிறேன்.

நெட்டிலி (இரவு 9:30)
என்ன ஆயிற்று?

மூவரணி (திங்கள் காலை 8:05)
கடல்குதிரை, வந்ததும் ஒரு வரி போடுங்கள்.