ஹை-லேண்டர் வாங்கி மாற்றுவதா, வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவா?

கேள்வி:
தாண்டிக்குடியில் அப்பாவின் காபித் தோட்டம். தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, மழை பெய்தால் சோப்பு போல வழுக்கும். மிளகு மூட்டையை வாடகை ஜீப்பில்தான் இறக்குகிறோம். இசுசு ஹை-லேண்டர் பிக்கப் வாங்கிப் பெரிய டயர் போட்டு, சஸ்பென்ஷனை உயர்த்தினால் போதாதா? அதே கம்பெனியின் வி-கிராஸிலும் அதே 1.9 லிட்டர் டீசல் இன்ஜின், 163 பி.எஸ். சக்திதானே?

பதில்:
தம்பி, இன்ஜின் ஒன்றுதான். ஆனால் ஹை-லேண்டரில் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும், ஃபோர் வீல் டிரைவ் வி-கிராஸில் நான்கு சக்கரமும் தள்ளும். பின் சக்கரம் மட்டும் தள்ளும் ஒரு பிக்கப்பைச் சேற்றுக்கான மட் டயர் போட்டு ஐந்து வருடம் ஓட்டினேன். மூட்டையோடு ஏறிவிடும், காலியாகப் போனால் பின்பக்கம் பாரமில்லாமல் அதே இடத்தில் சுற்றி, சேற்றை வாரி அடிக்கும். மழைக்காலம் முழுக்க நான்கு மணல் மூட்டையைச் சுமந்தே திரிந்தேன். முன் சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில் எல்லாம் பிறகு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், கட்டுப்படியாகாது.

இன்னொரு பதில்:
சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

கேட்டவர்:
சரி அண்ணா, புரிந்தது. அப்பாவிடம் பேசிவிட்டேன். பழைய வி-கிராஸ் ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது, ஞாயிறு பார்க்கப் போகிறேன்.

முதல் பதில் சொன்னவர்:
லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான ஃபோர் வீல் கியர்) விழுகிறதா என்று மண் தரையில் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். அப்புறம் குனிந்து அடிச் சட்டத்தில் துரு இருக்கிறதா பாருங்கள்.