வராத ரிசல்ட்டுக்கு எத்தனை புள்ளி?

வல்லாரைக்காரி (வெள்ளவத்தை)
எம்ஃபில்லைப் பாதியில் விட்டவள் எழுதுகிறேன். சஞ்சிகையில் வந்த ஒரு வல்லாரைச் சாற்றுப் பரிசோதனையை அப்படியே திரும்பச் செய்து, அதிலிருந்து மேலே போவதுதான் என் திட்டம். டிபிபிஎச் (சாற்றின் ஒட்சியேற்ற எதிர்ப்புச் சக்தியை அளக்கும் சோதனை) செய்தவர்களுக்கு விளங்கும்: கடும் ஊதாக் கரைசல், சாறு வேலை செய்தால் மஞ்சளாக வெளுக்கும், 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளவெடுப்போம். மூன்று மாதம் செய்தேன். அவர்கள் காட்டிய வெளுப்பில் பாதிகூட எனக்கு வரவில்லை. கட்டுரை எழுதியவருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. மேற்பார்வையாளர் சொன்னது இதுதான்: "பிள்ளை, வராத ரிசல்ட்டை ஒரு சஞ்சிகையும் போடாது. வேற இலை எடுங்கோ."

அவரில் எனக்குக் கோபம் இல்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரைக்குத்தான் புள்ளி. "செய்து பார்த்தோம், வரவில்லை" என்பதற்கு யார் புள்ளி போடுவார்கள்? அப்படியென்றால் அச்சில் வருவதை எந்த நம்பிக்கையில் வாசிப்பது?

கெமிஸ்ட்ரி அண்ணா (தெஹிவளை)
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். உங்களுக்கு வரவில்லை என்றால் அவர்களில் பிழை என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? டிபிபிஎச் வெளிச்சம் பட்டால் கெடும். மெதனோல் ஆவியானால் செறிவு மாறும். கை பழகாதவர் சுட்ட தோசை கல்லில் ஒட்டினால் மாவைக் குறை சொல்வதா?

மூன்றாம் மாடி
தோசைக்குப் பக்கத்து வீட்டு அம்மா உளுந்தின் அளவையாவது சொல்லுவா அண்ணா. கட்டுரையில் "வழக்கமான முறைப்படி" என்று முடித்துவிடுகிறார்கள்.

வல்லாரைக்காரி
என் கையை விடுங்கள். 2015இல் உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 வீதமானவை புள்ளிவிபரப்படி தேறியவை, இரண்டாம் முறை தேறியவை 36 வீதம். 2012இல் அம்ஜன் மருந்துக் கம்பனி விஞ்ஞானிகள் புற்றுநோய் பற்றிய 53 முக்கிய ஆய்வுகளைச் சரிபார்த்ததில் உறுதியானவை 6. அவர்களுக்குமா கை பழகவில்லை?

கெமிஸ்ட்ரி அண்ணா
அந்த 53 எவை என்று அந்தக் கட்டுரையில் பட்டியலே இல்லை, தெரியுமா? இரகசிய ஒப்பந்தமாம். திரும்பச் செய்ய முடியவில்லை என்று சொல்கிற கட்டுரையையே எங்களால் திரும்பச் செய்து பார்க்க முடியாது! உளவியல் கணக்கையும் 2016இல் கில்பர்ட், கேரி கிங் முதலான ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். சில மறுபரிசோதனைகள் மூல ஆய்வைப் போலவே நடக்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாப் பாணிக்கு (கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட நாட்டு மருந்து) ஆயிரக்கணக்கில் முண்டியடித்தார்கள். "சஞ்சிகையில் வருவதெல்லாம் பொய்" என்று நாங்களே சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை வரிசை இன்னும் நீளும். புள்ளியை எடுத்துவிட்டால் ஓய்வூதியம் வரை ஒரு பக்கமும் எழுதாமல் இருக்கப்போகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

பழைய வைத்தியர்
தம்பி, பாணியை அம்பலப்படுத்தக் கேட்டதும் முறையான பரிசோதனையைத்தானே? அதே கேள்வியைத்தான் இந்தப் பிள்ளை எங்களிடமும் கேட்கிறா.

புள்ளியை எடுக்கத் தேவையில்லை, எப்போது போடுகிறோம் என்பதை மாற்றலாம். ஆளில்லாத இடத்தில் அம்பு விட்டுவிட்டு, விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறினால் எல்லோரும் வில்வீரர்தான். வட்டத்தை முதலில் கீறச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் காசு கொடுத்த பெரிய கிளினிக்கல் ட்ரயல்களை (மனிதர்களில் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளை) 2015இல் கப்லானும் இர்வினும் எண்ணிப் பார்த்தார்கள். 2000க்கு முன் 30இல் 17 பலன் காட்டின. எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதியும் வழக்கம் வந்த பிறகு 25இல் 2.

இதற்கு வெளிநாடு போகவும் தேவையில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இலேயே கிளினிக்கல் ட்ரயல் பதிவேடு தொடங்கிவிட்டது. இடம் விஜேராம மாவத்தை, உங்களுக்கு ஒரு பஸ் தூரம். (பதிவுப் படிவம் நிரப்பியிருக்கிறேன். முதன்மை விளைவு, அதாவது முக்கியமாக அளக்கப்போவது, எது என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும். அதுவரை அதை நாங்களே சரியாக யோசித்திருக்கவில்லை.)

கெமிஸ்ட்ரி அண்ணா
டொக்டர், ட்ரயலுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 17 இரண்டானதற்குப் பதிவு மட்டுமா காரணம்? வழக்கமான சிகிச்சையே முன்னேறிவிட்டால் புது மருந்து அதை வெல்வதும் கஷ்டம்தானே. பிறகு, பென்ச் வேலை வேறு. காலையில் ஒன்று தோன்றும், மத்தியானம் செய்து பார்ப்போம். இலைச் சாற்றுக்கும் படிவம் நிரப்பச் சொன்னால் லேபைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

பழைய வைத்தியர்
மற்றக் காரணமும் இருக்கலாம், மறுக்கவில்லை. மத்தியானம் தோன்றியதைச் செய்யுங்கள், "தேடிப் பார்த்தது" என்று எழுதுங்கள். "நினைத்தபடியே வந்தது" என்று எழுதுவதில்தான் எனக்குப் பிரச்சினை. 2013இல் கோர்டெக்ஸ் சஞ்சிகை, கேள்வியையும் செய்முறையையும் பார்த்தே கட்டுரையை ஏற்கும் முறையைத் தொடங்கியது. ரிசல்ட் எப்படி வந்தாலும் அச்சில் வரும்.

வல்லாரைக்காரி
அந்த முறை எனக்குக் கிடைத்திருந்தால் மூன்று மாத வேலை இன்று என் லாச்சியில் கிடக்காது.

கெமிஸ்ட்ரி அண்ணா
சரி தங்கச்சி, லாச்சியைத் திறவுங்கள். வாசிப்புகளை அனுப்பினால் நானும் எங்கள் லேபில் ஒருமுறை செய்து பார்க்கிறேன். இலை எங்கே, எந்த மாதம் எடுத்தது?

வல்லாரைக்காரி
வெள்ளவத்தை மார்க்கெட்டில் வாங்கினது அண்ணா. மாதம்... கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எழுதவில்லை.